சேலம் – ஏற்காடு ஓட்டத்துக்கு காரில் வைக்கும் ஜிபிஎஸ் கருவி: எதைப் பார்த்து வாங்குவது?

அழகாபுரம்வாசி:
வணக்கம். அப்பா ஓட்டும் டிசையருக்குத் தனியாக ஒரு ஜிபிஎஸ் கருவி வாங்க வேண்டும். சேலம் ஜங்ஷனிலிருந்து ஏற்காட்டுக்கு விருந்தினர்களை ஏற்றிப் போவதுதான் முக்கிய வேலை. இடையிடையே கொல்லிமலை, மேட்டூர், ஒகேனக்கல். ஏற்காட்டில் நாகலூர், மஞ்சக்குட்டை பக்கம் எஸ்டேட் ரோட்டில் உள்ளே போனால் செல்போன் சிக்னலை நம்ப முடியவில்லை. அப்பாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. ஓட்டும்போது போனைத் தொடக் கூடாது என்பது வீட்டில் எல்லோருடைய முடிவு.

பட்ஜெட் 15,000 வரை. "7 இஞ்ச், இந்தியா மேப் லைஃப்டைம் இலவசம்" என்று பெயர் தெரியாத கருவி 6,000 ரூபாய்க்கு வருகிறது. பெயர் பெற்ற கம்பெனியின் பழைய 5 இஞ்ச் மாடல் செகண்ட் ஹேண்டில் கிடைக்கிறது. எத்தனை சாட்டிலைட் பிடிக்கும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டுமா?

வரைபடப்பித்தன்:
இல்லை. சாட்டிலைட் எண்ணிக்கையைக் கடைசியில் பாருங்கள். இடத்தைக் கண்டுபிடிக்க நான்கு செயற்கைக்கோள் போதும். திறந்த வானத்தில் இன்று சாதாரண சிப் கூட அதைவிடப் பல மடங்கு பிடித்துவிடும். காசு கொடுத்து வாங்குவது உண்மையில் மேப்பைத்தான். அது எந்த வருடத்து மேப், அடுத்த அப்டேட் எங்கிருந்து வரும் என்ற இரண்டு கேள்விக்கும் விற்பவர் நேராகப் பதில் சொல்லவில்லை என்றால் அந்தக் கருவி வேண்டாம்.

"லேட்டஸ்ட் மேப்" என்று யாரும் சொல்லலாம். சேலத்துக்காரர்கள் கடையிலேயே சரிபார்த்துவிட முடியும். ஐந்து ரோடு பகுதியைப் பெரிதாக்கிப் பாருங்கள். அங்கே ஈரடுக்கு மேம்பாலம் முழுமையாகத் திறந்தது 2020இல். பாலமே இல்லை என்றால் அந்த மேப் அதற்கு முந்தையது. அடுத்து நெடுஞ்சாலை எண்களைப் பாருங்கள். பெங்களூர் – சேலம் – மதுரை சாலை 7 என்றும், கோவை சாலை 47 என்றும், உளுந்தூர்ப்பேட்டை சாலை 68 என்றும் காட்டினால் அது மிகப் பழைய சரக்கு. இப்போது அவை 44, 544, 79. ஸ்டிக்கரில் எந்த வருடம் அச்சடித்திருந்தாலும் மேப்புக்குள் இருப்பதுதான் கணக்கு.

பெயரைத் தேடுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. தனிக் கருவிகளில் தேடல் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான், அதுவும் எழுத்துக்கு எழுத்து பொருந்தினால்தான் கிடைக்கும். அஸ்தம்பட்டியைச் சில மேப்பில் 'எச்' போட்டும் சிலவற்றில் போடாமலும் வைத்திருப்பார்கள். சீலநாயக்கன்பட்டிக்கு மூன்று நான்கு விதம் உண்டு. வாங்கும் முன் அப்பா வழக்கமாகப் போகிற பத்து இடங்களைத் தட்டிப் பாருங்கள். ஐந்துக்கு மேல் கிடைக்கவில்லை என்றால் தினமும் தொந்தரவுதான்.

மலைப்பாதை:
மேப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் மலையில் ரிசீவரின் (சிக்னலைப் பிடிக்கும் பகுதியின்) தரமும் கொஞ்சம் பேசும். எங்கே பேசும், எங்கே பேசாது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

அடிவாரத்திலிருந்து மேலே 20 கொண்டை ஊசி வளைவு. வளைவுக்கு அருகில் கீழ் ரோடும் மேல் ரோடும் ஒன்றை ஒன்று ஒட்டிப் போகும். திறந்த வெளியில் ஜிபிஎஸ் பிழை 3 முதல் 5 மீட்டர். ஒரு பக்கம் பாறைச் சரிவும் தலைக்கு மேல் மரமும் இருந்தால் 10 மீட்டரைத் தாண்டும். பாறையில் பட்டுத் திரும்பும் சிக்னல் நேராக வருவதைவிடத் தாமதமாக வரும். அந்தத் தாமதத்தையும் கருவி தூரமாகவே கணக்கிட்டுவிடும். அதனால் அம்புக்குறி கீழ் ரோட்டிலிருந்து மேல் ரோட்டுக்குத் தாவும். அப்போது நீங்கள் எதிர்த்திசையில் போவதாக நினைத்து "யூ டர்ன் எடுங்கள்" என்று சொல்லும். நல்ல கருவி நீங்கள் போகும் திசையையும் சேர்த்துப் பார்த்து எந்த ரோடு என்று முடிவு செய்யும், மலிவானது புள்ளிக்கு அருகில் இருக்கும் ரோட்டைப் பிடித்துக்கொள்ளும்.

இதற்காக ரொம்பக் கவலைப்பட வேண்டாம். ஏறும் பாதையில் தப்பான திருப்பம் எடுக்கவே வழியில்லை. குரலை அணைத்துவிட்டு ஏறலாம், அணைப்பதே நல்லது. பிழை வலிக்கும் இடம் மலை உச்சிக்குப் பிறகு. எஸ்டேட்டுக்குள் இருபது முப்பது மீட்டர் இடைவெளியில் இரண்டு கிளை பிரியும், மேலே சில்வர் ஓக் அடர்ந்திருக்கும், மழை பெய்து இலை நனைந்திருந்தால் சிக்னல் இன்னும் குறையும். சாதாரணக் கருவி நொடிக்கு ஒரு முறைதான் இடத்தைப் புதுப்பிக்கும். 30 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்குள் வண்டி எட்டு மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். திரையில் அம்பு கிளையைத் தொடும்போது வண்டி அதைத் தாண்டியிருக்கும். அங்கே 15 கிலோமீட்டர் வேகத்தில் போனால் எந்தக் கருவியும் சரியாகவே சொல்லும்.

இன்னொன்று, ஐந்து ரோடு. மேம்பாலத்தின் மேலே இருக்கிறீர்களா கீழே இருக்கிறீர்களா என்பது ஜிபிஎஸுக்குத் தெரியாது. தட்டையான மேப்பில் இரண்டும் ஒரே புள்ளி. உயரக் கணக்கில் பிழை, இடக் கணக்கைவிடக் கூடுதல் என்பதால் அதை வைத்தும் பிரிக்க முடியாது. பாலத்தின் மேல் போகும்போது "இடது பக்கம் திரும்பவும்" என்று கேட்டால் அது கீழ் ரோட்டுக்கான வழிகாட்டல். விலை உயர்ந்த கருவியிலும் இது நடக்கும்.

கோரிமேடு_கார்த்தி:
தனிக் கருவியே எதுக்குங்க? பழைய ஆண்ட்ராய்டு போன் ஒண்ணு, சிம் இல்லாமல். ஆஃப்லைன் மேப்பை வீட்டு வைஃபையில் இறக்கி டேஷ்போர்டில் மாட்டினால் செலவே இல்லை. அப்பாவின் சொந்த போன் பாக்கெட்டிலேயே இருக்கட்டும். போனிலிருந்து வழி பார்க்க 2020இல் மோட்டார் வாகன விதியைத் திருத்தி அனுமதித்தும் இருக்கிறார்கள்.

மலைப்பாதை:
கார்த்தி, அந்தத் திருத்தம் வழி பார்ப்பதற்கு மட்டும்தான், அதுவும் ஓட்டுபவரின் கவனம் சிதறாமல். ஓடும்போது தட்டித் தேடுவதற்கு அதில் இடமில்லை.

ஆஃப்லைன் போன் நல்ல யோசனைதான், ஏப்ரல் மே வரைக்கும். சேலத்து வெயிலில் கண்ணாடிக்குப் பின்னால் நேர் வெயில் படும் இடம் கொதிக்கும். ஐஃபோனுக்கு நிறுவனமே சொல்லும் இயங்கு வெப்பநிலை 0 முதல் 35 டிகிரி. மற்ற போன்களும் சூடேறினால் முதலில் திரை வெளிச்சத்தைக் குறைக்கும், அடுத்து சார்ஜ் ஏற்றுவதை நிறுத்தும், கடைசியில் அணையும். காருக்கென்றே செய்த கருவிகளுக்கு 55 டிகிரி வரை கணக்கு வைத்திருப்பார்கள். போன்தான் என்று முடிவானால் கண்ணாடியில் ஒட்டாமல் ஏசி துவாரத்தில் மாட்டும் ஹோல்டர் வாங்குங்கள். குளிர்காற்று பின்பக்கம் படும். சிம் இல்லாத போனில் இன்னொரு குறை: நெட் உதவி இல்லாமல் முதல் பிடிப்புக்கு நேரம் எடுக்கும். வீட்டு வாசலிலேயே இடத்தைப் பிடிக்கவிட்டுக் கிளம்ப வேண்டும்.

கரண்ட்_மேஸ்திரி:
தம்பி அழகாபுரம், எதை வாங்கினாலும் பாதிப் புகார் கரண்ட்டிலிருந்துதான் வரும். இதைக் கவனமாகப் படியுங்கள்.

லைட்டர் சாக்கெட்டில் சொருகும் அடாப்டர் 5 வோல்ட்டில் குறைந்தது 2 ஆம்பியர் தர வேண்டும். பழைய கருவி 1 ஆம்பியரில் ஓடும். புதியவற்றுக்குத் திரை வெளிச்சம் முழுதாக வைத்தால் அது போதாது. சொருகி இருக்கும்போதே பேட்டரி இறங்கும்.

கேபிள் நீளத்தைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். தெருக்கடையில் கிடைக்கும் மெல்லிய 28 கேஜ் கம்பி மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம். 3 மீட்டர் கேபிள் என்றால் போக வர 6 மீட்டர், 1.28 ஓம். ஒரு ஆம்பியர் ஓடினால் 1.28 வோல்ட் கம்பியிலேயே போய்விடும், கருவிக்கு 3.7 வோல்ட்தான் வந்து சேரும். "சார்ஜ் ஆகவில்லை" என்று கருவியைக் குறை சொல்வார்கள். அதே நீளம் தடிமனான 20 கேஜ் கம்பியில் இழப்பு 0.2 வோல்ட் மட்டுமே.

கார்மின் கம்பெனியின் பழைய நூவி மாதிரி மினி யூஎஸ்பி கருவியா? சாதாரண கேபிளைச் சொருகினால் கம்ப்யூட்டரோடு இணைந்ததாக நினைத்து மேப்பைக் காட்டாமல் நிற்கும். அதன் கார் கேபிளில் நான்காவது பின்னில் ஒரு ரெசிஸ்டர் இருக்கும், அதை வைத்துத்தான் இது கார் கரண்ட் என்று அறியும். செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது அசல் கார் கேபிளையும் கேட்டு வாங்குங்கள்.

ஒயரை மறைத்து எடுக்க நினைத்தால்: சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் லைனில் ஃபியூஸ் டேப் (ஃபியூஸ் பெட்டியிலிருந்து கிளை எடுக்கும் இணைப்பு) போட்டு 2 ஆம்பியர் ஃபியூஸ், அதன் பிறகு 12 வோல்ட்டை 5 ஆக்கும் கன்வெர்ட்டர், எர்த் ஒயரைப் பெயின்ட் சுரண்டிய சேஸிஸ் போல்ட்டில். முன்தூண் வழியாக எடுத்தால் அங்கே ஏர்பேக் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதற்குப் பின்பக்கமாக மட்டும். முன்பக்கமாக ஓடினால் பை விரியும்போது ஒயரும் சேர்ந்து பாயும்.

டேஷ்கேம் இருந்தால் அதையும் ஜிபிஎஸ்ஸையும் பக்கத்துப் பக்கத்தில் வைக்காதீர்கள். மலிவு டேஷ்கேமும் மலிவு கன்வெர்ட்டரும் கிளப்பும் மின் இரைச்சல், 20,000 கிலோமீட்டர் தாண்டி வரும் பலவீனமான சிக்னலை அமுக்கிவிடும். ஒன்றரை அடியாவது தள்ளி வையுங்கள். சந்தேகம் இருந்தால் டேஷ்கேமைப் பிடுங்கிவிட்டுப் பாருங்கள், உடனே சாட்டிலைட் எண்ணிக்கை ஏறினால் குற்றவாளி அதுதான்.

அழகாபுரம்வாசி:
மிக்க நன்றி. இன்னும் சில சந்தேகம். 6,000 ரூபாய் கருவியில் விண்டோஸ் சிஇ, 256 எம்பி ராம், 8 ஜிபி என்று போட்டிருக்கிறது. எடுக்கலாமா? செகண்ட் ஹேண்ட் கருவிக்கு மேப்பை நாமே ஏற்ற முடியுமா? எஸ்டேட் பங்களாக்காரர்கள் முகவரிக்குப் பதிலாக எண்களை அனுப்புகிறார்கள், அதை எப்படிக் கொடுப்பது?

வரைபடப்பித்தன்:
விண்டோஸ் சிஇ கருவியை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த இயங்குதளம் காலாவதியாகிப் பல வருடம் ஆகிறது. உள்ளே இருக்கும் வழிகாட்டி மென்பொருளும் மேப்பும் பெரும்பாலும் உரிமம் இல்லாத நகல். "லைஃப்டைம்" என்றால் அப்டேட் தர யாரோ இருக்க வேண்டும், இங்கே யாரும் இல்லை. அழுத்தினால்தான் வேலை செய்யும் ரெசிஸ்டிவ் திரை, 800க்கு 480 புள்ளி. பக்கவாட்டில் பார்த்தால் நிறம் மாறும், வெயிலில் ஒன்றும் தெரியாது. 7 இஞ்ச் என்பதை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். பளிச்சென்று தெரியும் 5 இஞ்ச் அதைவிட மேல்.

செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது தேதியைப் பாருங்கள். ஜிபிஎஸ் வாரக் கணக்கு 1,024 வாரத்துக்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்பும். கடைசியாக 2019 ஏப்ரல் 6இல் திரும்பியது. மென்பொருள் புதுப்பிக்காத பழைய கருவி சாட்டிலைட் பிடித்த பிறகும் இருபது வருடம் பின்னால் தேதி காட்டும். போய்ச்சேரும் நேரமும் இரவு பகல் திரை நிறமும் குழம்பும். அப்படிப்பட்டதைத் தள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்ததா என்றும் கேளுங்கள். அதில் அந்த நாட்டு மேப் மட்டும் இருக்கும், இந்திய மேப்பைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். இங்கே வாரன்ட்டியும் செல்லாமல் போகலாம். மாடல் பெயரில் போக்குவரத்து நெரிசல் வசதி என்று இருந்தால் அதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். பண்பலை வழியாக வரும் அந்தச் சேவை சேலத்தில் பயன்படாது.

மேப் ஏற்றுவது: கார்மின் வகையில் ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொதுமக்கள் சேர்ந்து வரையும் மேப்பிலிருந்து தயாரித்த, வழி கணக்கிடத் தெரிந்த கோப்பைப் போடலாம், இலவசம். 8 அல்லது 16 ஜிபி மெமரி கார்டை ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்யுங்கள். பழைய மாடல் என்றால் ஆங்கிலத்தில் 'கார்மின்' என்ற ஃபோல்டர், புதியது என்றால் 'மேப்' என்ற ஃபோல்டர், அதற்குள் கோப்பு. ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது, ஃபேட்32 ஏற்காது. பிறகு செட்டிங்கில் பழைய மேப்பின் டிக்கை எடுத்துவிட வேண்டும். இரண்டும் ஓடினால் ரோட்டின் மேல் ரோடு விழும், வழியும் தப்பாகும்.

ஏற்றியதும் வீட்டிலேயே சோதியுங்கள்: தொடக்கம் சேலம் ஜங்ஷன், முடிவு ஏற்காடு ஏரி. வழி அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம் என்று வர வேண்டும்.

சீ.பட்டி_லாரி_புக்கிங்:
வழிக் கணக்கில் 'குறைந்த தூரம்' என்று வைக்கவே வைக்காதீங்க. 'குறைந்த நேரம்' மட்டும். வாழப்பாடி, அயோத்தியாப்பட்டணம் பக்கமிருந்து வந்தால் குறைந்த தூரம் குப்பனூர், கொட்டச்சேடு வழியா ஏத்திவிடும். அது அகலம் குறைஞ்ச ரோடு, பழக்கமில்லாதவங்களுக்கு ராத்திரியில் வேண்டாம். அதே சமயம் அந்த ரோடு மேப்பில் இருக்கணும். மழையில் அடிவாரப் பக்கம் மண்சரிவு வந்து மூடினால் போலீஸ் குப்பனூர் வழியாத்தான் விடுவாங்க. நெட் இல்லாத கருவிக்கு ரோடு மூடினது தெரியாது. கிளம்பும் முன் போன் பண்ணிக் கேட்டுக்கிறதுதான் ஒரே வழி. 'மண் ரோட்டைத் தவிர்' என்கிற டிக்கையும் போட்டு வையுங்க.

வரைபடப்பித்தன்:
மேலே சொன்னதோடு ஒன்று. எஸ்டேட் ரோடுகளில் கேட் போட்ட தனியார் பாதை நிறைய. மேப்பில் 'தனியார்' என்ற குறிப்பு இல்லாவிட்டால் கருவி அதற்குள் வழி போட்டு, பூட்டிய கேட் முன்னால் கொண்டுபோய் நிறுத்தும். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் அந்தக் குறிப்பை யாரும் சேர்க்கலாம். அப்பா பார்க்கும் ஒவ்வொரு கேட்டையும் நீங்கள் வீட்டிலிருந்தே சேர்த்தால் அடுத்த மேப்பில் எல்லோருக்கும் பயன்படும். தயவுசெய்து செய்யுங்கள்.

இனி அந்த எண்கள். ஏற்காடு சுமார் வடக்கு 11.775, கிழக்கு 78.209. இதையே பாகை (டிகிரி), கலை (மினிட்), விகலை (செகண்ட்) முறையில் எழுதினால் வடக்கு 11 பாகை 46 கலை 30 விகலை. கருவி கேட்பது பாகையும் தசமக் கலையும் என்றால் 46.5 என்று கொடுக்க வேண்டும். 30 விகலையை அப்படியே 46.30 என்று தட்டினால் 0.2 கலை குறையும், அதாவது 370 மீட்டர் தள்ளிப் போகும். மலையில் 370 மீட்டர் என்பது வேறொரு சரிவு. செட்டிங்கில் முறையைத் 'தசமப் பாகை' என்று ஒருமுறை மாற்றிவிட்டால் வாட்ஸ்அப்பில் வரும் எண்ணை அப்படியே தட்டலாம்.

கூகுள் மேப்பின் ஆறு எழுத்துக் குறியீடு (பிளஸ் கோட்) அனுப்பினால் நெட் இல்லாத கருவிக்கு அது புரியாது. அஞ்சல் துறை 2025இல் கொண்டுவந்த டிஜிபின் பத்து எழுத்து, சுமார் 4 மீட்டர் கட்டம். அதைப் போனில் எண்ணாக மாற்றித்தான் கருவிக்குக் கொடுக்க முடியும்.

அழகாபுரம்வாசி:
தெளிவாகிவிட்டது. ஜிபிஎஸ் போலவே நம் நாட்டுச் செயற்கைக்கோள் அமைப்பான நாவிக்கைப் பிடிக்கும் கருவியாகப் பார்க்கலாமா? சிக்னல் இல்லாத இடத்தில் ஆபத்து என்றால் சாட்டிலைட் வழியாகச் செய்தி அனுப்பும் கருவியும் ஆன்லைனில் பார்த்தேன். இரண்டும் ஒன்றாகவே வாங்கினால் என்ன?

மலைப்பாதை:
இரண்டாவதை வாங்காதீர்கள், இதை அழுத்தியே சொல்கிறேன். ஜிபிஎஸ் கருவி வானத்திலிருந்து கேட்பது மட்டும்தான், அதற்கு அனுமதி எதுவும் வேண்டாம். சாட்டிலைட்டுக்குச் செய்தி அனுப்பும் கருவி வேறு சாதி. இந்தியாவில் உரிமம் இல்லாமல் அதை வைத்திருப்பதே குற்றம். வெளிநாட்டிலிருந்து வரும் விருந்தினர் யாராவது கொண்டு வந்தாலும் முன்கூட்டியே சொல்லுங்கள்.

நாவிக் நல்ல அமைப்பு. அதன் ஒரு செயற்கைக்கோளின் இடம் கிழக்கு 83 பாகையில், நிலநடுக்கோட்டுக்கு மேல். சேலத்திலிருந்து பார்த்தால் ஏறக்குறைய 75 பாகை உயரத்தில், உச்சிக்கு அருகில் நிற்கும் இடம் அது. பள்ளத்தாக்கில் அது பெரிய சாதகம். ஆனால் 2025 ஜனவரியில் ஏவிய என்விஎஸ்-02 என்ற புதிய நாவிக் செயற்கைக்கோள் உரிய சுற்றுப்பாதைக்குப் போய்ச் சேரவில்லை. இருந்தால் நல்லது, அதற்காகக் கூடுதல் காசு இப்போது வேண்டாம். ஜிபிஎஸ்ஸோடு ரஷ்யாவின் குளோனாஸ் அல்லது ஐரோப்பாவின் கலிலியோ சேர்ந்தாலே எஸ்டேட் ரோட்டுக்குப் போதும்.

கருவி வந்ததும் செய்ய வேண்டியது: முதல் முறை திறந்த மைதானத்தில் வண்டியை நிறுத்தி, அசையாமல் 15 நிமிடம் விடுங்கள். செயற்கைக்கோள்களின் முழு அட்டவணை இறங்க 12.5 நிமிடம் ஆகும். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு நிமிடத்துக்குள் பிடிக்க வேண்டும். பிடிக்கவில்லை என்றால் முன்கண்ணாடியில் உலோகப் பூச்சு உள்ள ஃபிலிம் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கருவியை ஜன்னலுக்கு வெளியே நீட்டினால் உடனே பிடித்தால் காரணம் கண்ணாடிதான்.

அழகாபுரம்வாசி:
கடைசியாக ஒன்று. போனில் ஒரு ஆப் சேலத்தின் உயரத்தை 190 மீட்டர் என்று காட்டுகிறது. ஊர் 280 மீட்டர் அளவில் இருக்கிறது என்றுதான் படித்திருக்கிறேன். ரிசீவர் கோளாறா?

மலைப்பாதை:
கோளாறு இல்லை. ஜிபிஎஸ் அளப்பது பூமியைச் சீரான நீள்கோளமாக வைத்த கணக்கிலிருந்து. தென்னிந்தியப் பகுதியில் உண்மையான கடல்மட்டம் அந்தக் கோளத்துக்கு ஏறக்குறைய 90 மீட்டர் கீழே இருக்கிறது; ஈர்ப்பு இங்கே குறைவு, இலங்கைக்குத் தெற்கே அந்தப் பள்ளம் இன்னும் ஆழம். திருத்தம் செய்யாத ஆப் அந்த 90ஐக் குறைத்துக் காட்டும். கார் கருவிகள் உள்ளே திருத்த அட்டவணை வைத்திருக்கும். ஏற்காடு ஏரியருகே சுமார் 1,400 மீட்டர் அளவில் காட்டினால் அது சரியாக வேலை செய்கிறது.

கரண்ட்_மேஸ்திரி:
மாட்டும் இடம்: முன்கண்ணாடியில் ஓட்டுநர் பக்கக் கீழ் மூலை, பார்வையை மறைக்காத உயரம், ஏர்பேக் விரியும் பரப்புக்கு வெளியே. கண்ணாடியை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் துடைத்து, ரப்பரை வெந்நீரில் கழுவிக் காயவைத்து ஒட்டுங்கள். நடு வெயிலில் வண்டியை நிறுத்திவிட்டுப் போகும்போது கருவியைக் கழற்றி எடுத்துப் போகச் சொல்லுங்கள். வெப்பத்தில் பேட்டரி உப்பி, திரை ஓரமாகத் தூக்கும். தூக்க ஆரம்பித்துவிட்டால் சார்ஜ் போடவே கூடாது, பேட்டரியை மாற்றிய பிறகுதான்.